பாடம் மட்டும் கேட்கும் கருவி

அடித்த சத்தம் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. ஆசிரியர் அறையில் கேட்டது, ஆய்வகத்தில் கேட்டது, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது, பக்கத்து வகுப்பில் சுவரைத் தாண்டிக் கணீரென்று கேட்டது. இவர்கள் எல்லோருக்கும் காது நன்றாக இருந்ததால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. காது கேட்காத சுண்டுவுக்கு மட்டும் கேட்டுத் தொலைத்துவிட்டது. அதற்காகத்தான் விசாரணைக் குழு போட்டார்கள்.

சுண்டு ஐந்தாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே காது மந்தம். அவளுடைய அம்மா பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறவள். பிள்ளைக்கு வகுப்பில் பாடம் புரிய வேண்டும் என்று நடையாய் நடந்து, துணைக்கருவிகள் இயக்ககத்திலிருந்து ஒரு கருவி வாங்கினாள். அது இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று ஆசிரியர் கழுத்தில் மாட்டிக்கொள்கிற மைக். மற்றது சுண்டுவின் காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிற சின்னப் பெட்டி. ஆசிரியர் பள்ளியின் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவள் காதுக்குள் வந்து பேசும். வகுத்தல் என்றால் என்ன என்று அதன் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதுவரை ஆசிரியர் எதற்கோ கோபமாக இருக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

கருவியைத் தொடங்கிவைக்க இயக்குநரே நேரில் வந்தார். ரிப்பனை எங்கே கட்டுவது என்று ஒரு குழப்பம். கருவி காதில்தானே இருக்கிறது என்று காதிலேயே கட்டினார்கள். இயக்குநர் கத்தரித்தபோது ரிப்பனோடு காது மடலும் கொஞ்சம் கிழிந்தது. கைதட்டல் பலமாக இருந்ததால் பிள்ளை கத்தியது எடுபடவில்லை. புகைப்படக்காரர் மட்டும், ரத்தம் தெரியாத பக்கமாகத் திரும்பச் சொன்னார்.

"இன்று முதல், இந்தப் பள்ளியில் இந்தக் குழந்தையின் காதில் விழாத சத்தம் என்று ஒன்று கிடையாது" என்றார் இயக்குநர். தலைமையாசிரியர் அதைவிட உற்சாகமாகப் பேசினார். "எங்கள் பள்ளி பிரம்பில்லாப் பள்ளி என்று விருது வாங்கிய பள்ளி. நாங்கள் குழந்தைகளை அன்பால் அடிக்கிறோம்" என்றார். அவையினர் நெகிழ்ந்து போனார்கள். விருதுக் கேடயம் அவருடைய அறையில் பீரோவின்மேல் இருந்தது. பிரம்புகள் பீரோவுக்குள் இருந்தன.

சம்பவத்தன்று தலைமையாசிரியர் சுண்டுவின் வகுப்பில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தார். மைக் அவர் கழுத்தில் கிடந்தது. பாதியில் பியூன் வந்து காதில் ஏதோ சொன்னார். எட்டாம் வகுப்பில் நெட்டை என்று ஒருவன் இருக்கிறான். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "இங்கே யாராவது அடிப்பாங்களாப்பா?" என்று சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டிருக்கிறார். எல்லாப் பள்ளியிலும் அதற்கு "இல்லை சார்" என்று பதில் இருக்கிறது. இந்தக் கழுதை "ஆமா சார்" என்றுவிட்டான். கேட்டவருக்கே சங்கடமாகிவிட்டதாம்.

தலைமையாசிரியர் "அமைதியா படிங்க" என்று சொல்லிவிட்டு பக்கத்திலிருந்த தம் அறைக்குப் போனார். மைக்கைக் கழற்ற மறந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் சுண்டு வீட்டில் சாப்பிடவில்லை. அம்மா முகத்துக்கு நேரே குனிந்து, என்ன என்று கேட்டாள்.

"ஸார் நெட்டை அண்ணனை அடிச்சாரும்மா. இது என்னன்னு கேட்டார். பிரம்பு ஸார்னு சொன்னான். அடிச்சார். மறுபடி இது என்னன்னு கேட்டார். ஒண்ணுமில்ல ஸார்னு சொன்னான். அதுக்கும் அடிச்சார். அப்புறம் குச்சி ஒடியற மாதிரி ஒரு சத்தம். குச்சி இல்லம்மா, கை."

மறுநாள் காலையில் அம்மா நேரே பள்ளிக்கு வந்தாள். பணிமனையில் என்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவள்; அவள் மெதுவாகப் பேசினாலே ஜன்னல் அதிரும்.

"என் பொண்ணு கேட்டிருக்கா சார். அந்தப் பையனை நீங்க அடிச்சதை."

"உங்க பொண்ணுக்குக் காது கேக்காதுன்னு சொல்லித்தானேம்மா கருவி வாங்கினீங்க?"

"ஆமா."

"அப்ப எப்படிக் கேட்டுச்சு?"

"அந்தக் கருவியிலதான் சார் கேட்டுச்சு."

"அது பாடம் கேக்கறதுக்குக் குடுத்தது. வேற சத்தம் கேக்கறதுக்கு உபயோகப்படுத்தியிருக்கீங்க. இது எவ்வளவு பெரிய முறைகேடு தெரியுமா?"

"பையன் கை எப்படி சார் ஒடிஞ்சுது?"

"மாடிப்படியில விழுந்துட்டான்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேல் தகரக் கூரை. அதற்கு மேல் வானம். "மாடி எங்க சார்?"

"அனுமதி வந்தாச்சு. சீக்கிரம் கட்டிடுவோம்."

விஷயம் இயக்ககத்துக்குப் போனது. பையன் கை ஒடிந்ததைப் பற்றி அங்கே யாருக்கும் பதற்றமில்லை. கருவி விஷயம்தான் அவர்களைத் தூங்கவிடவில்லை. இயக்குநரே குழுத் தலைவராகி, கருவி நிபுணர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார். சுண்டுவின் வகுப்பறையைக் காலி செய்து அங்கே உட்கார்ந்தார்கள். சுண்டு முதல் பெஞ்சில், அம்மா அவள் பக்கத்தில்.

இயக்குநர் மிகவும் நல்ல மனிதர். யாரையும் அலைக்கழிக்காமல் விஷயத்தை விளக்குவார்.

"பாரும்மா. குழந்தைக்கு அது கேட்டுச்சுன்னா, குழந்தைக்குக் காது கேக்குது. காது கேக்கற குழந்தைக்குக் கருவி எதுக்கு? திருப்பி வாங்கிக்குவோம். கேக்கலைன்னா, கருவி வேலை செய்யல. வேலை செய்யாத கருவி எதுக்கு? அதையும் திருப்பி வாங்கிக்குவோம்."

"ரெண்டுக்கும் நடுவுல எதுவும் இல்லையா சார்?"

"இருக்கு. பாடம் மட்டும் கேட்டுச்சு, மத்தது கேக்கலைன்னு குழந்தை சொல்லட்டும். கருவி அவகிட்டயே இருக்கும். காலேஜ் வரைக்கும் வெச்சுக்கட்டும். பாவம், படிக்கிற பிள்ளை."

வகுத்தல் புரிந்த அன்றைக்குப் பிள்ளை வீட்டுச் சுவர் முழுக்கக் கரியால் கணக்குப் போட்டு வைத்திருந்தது அம்மாவின் நினைவுக்கு வந்தது. பையனைப் பெற்றவர்களே மாடிப்படி என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தனக்கென்ன வந்தது? பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி சொன்னாள். "கேக்கலைன்னு சொல்லிடு கண்ணு."

சுண்டு இயக்குநரைப் பார்த்தாள். "கேட்டுச்சு" என்றாள்.

நிபுணருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் வெகுநாளாக ஒரு பரிசோதனைக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர். "வாய்ப்பேச்சு வேண்டாம் சார், சோதிச்சே பார்த்துடுவோம். தலைமையாசிரியர் மைக்கோட அந்த ரூம்ல இருக்கட்டும். நாம ஒவ்வொண்ணா அடிச்சுக் காட்டுவோம். எதை அடிக்கிறோம்னு குழந்தை சொல்லட்டும். அறிவியல்னா அதானே சார்."

தலைமையாசிரியர் மைக்கை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். முதலில் மேசையை அடித்தார். சுண்டு "மேசை" என்றாள். அடுத்து தம் நாற்காலி மெத்தையை அடித்தார். "ஸாரோட மெத்தை. அடிச்சதும் அதுலேர்ந்து காத்து போகுது" என்றாள். நிபுணர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். இயக்குநருக்கு முகம் சுருங்கிப்போனது. இவ்வளவு நல்ல கருவியையா வாங்கினோம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மரமும் பஞ்சும் அழாது. இந்த வழக்குல அழுகைதான் முக்கியம்" என்றார் அவர்.

பியூனை உள்ளே அனுப்பினார்கள். பியூனுக்கு ஓய்வு பெறுகிற வயது. ஓர் அடிக்கு எவ்வளவு கத்த வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். இயல்பாகக் கத்தினால் போதும் என்றார் நிபுணர். முதலில் தலைமையாசிரியர் தயங்கித் தயங்கித்தான் அடித்தார். பியூனும் மேலதிகாரிக்கு ஒத்தாசையாக, விழுந்த அடிக்கு மேலேயே கத்திக் கொடுத்தார். அப்புறம் தலைமையாசிரியருக்குக் கை சூடேறியது. பல வருஷத்து ஆத்திரம். டீ ஆறிப்போனது, மணி தாமதமாக அடித்தது, ஒருமுறை பின்னால் நின்று சிரித்தது, எல்லாம் ஞாபகம் வந்திருக்கும் போல. முதுகில் விழுந்தது கழுத்துக்கு ஏறியது, கழுத்திலிருந்து காதுக்கு ஏறியது.

"பியூன் மாமா" என்றாள் சுண்டு. "முதல்ல சும்மா கத்தினார். இப்ப நெஜமா கத்தறார். ஸார் நிறுத்தலையே. யாராவது போய்ச் சொல்லுங்க."

"குறுக்க பேசாதம்மா. முழு மாதிரியும் பதிவாகட்டும்" என்றார் நிபுணர்.

பியூன் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கண் மூடிக்கொண்டு திறக்க மறுத்தது. வாயிலிருந்து எதையோ உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார், பல். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரியா இருந்துச்சுங்களா சார்?" என்று கேட்டார். திருப்திகரம் என்று இயக்குநர் சொன்னார். பியூன் சந்தோஷமாகத் தரையில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அம்மா தன் தண்ணீர் பாட்டிலை அவர் வாயில் சரித்தாள்.

"போதும் சார். பிள்ளைக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல" என்றாள்.

"பெரியவங்க உடம்பு கேக்குதுன்னு தெரிஞ்சுது" என்றார் நிபுணர். "குழந்தை உடம்பு சத்தமே வேற. எலும்பு இளசு. மூல மாதிரி இல்லாம முடிவுக்கு வர்றது நேர்மை இல்ல."

மூல மாதிரி ஆஸ்பத்திரியில் இருந்தது. பள்ளி வேனை அனுப்பி நெட்டையைக் கூட்டிவந்தார்கள். வலது கை முழுக்க மாவுக்கட்டு. எதற்கு வந்திருக்கிறோம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. பரிசு கொடுக்கப்போகிறார்களோ என்னவோ என்று தலையை வழித்து வாரிக்கொண்டு வந்திருந்தான். உள்ளே பீரோ திறந்திருந்ததைப் பார்த்ததும் இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

தலைமையாசிரியர் வாசலுக்கு வந்து ஒழுங்காகச் சந்தேகம் கேட்டார். "எந்தக் கைங்க சார்?"

"கட்டுப் போட்ட கை வேண்டாம், சத்தம் அமுங்கிடும்" என்றார் நிபுணர். "இன்னொண்ணு இருக்கில்ல."

இயக்குநர் எழுந்து நின்று பையனுக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொன்னார். "தம்பி, பயப்படாதே. இது தண்டனை இல்லை. உனக்கு நியாயம் கிடைக்கணும்னுதான் உன்னை அடிக்கிறோம். உன்னை அடிச்சாங்கன்னு நிரூபிக்க வேற வழியே இல்லை. எங்க இயக்ககத்தோட நோக்கமே எந்தக் குழந்தையும் விடுபடக் கூடாதுங்கறதுதான்." பிறகு அறைக் கதவை அவரே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சுண்டுவின் காதுக்குள் நெட்டை மூச்சுவிட்டான். நாற்காலியை நகர்த்துகிற சத்தம் வந்தது. "இது என்ன?" என்று தலைமையாசிரியர் கேட்டார். அவனுக்கு எந்தப் பதில் சரி என்று இன்னும் தெரியவில்லை. "ஸார், இந்தக் கையிலதான் ஸார் இப்ப எழுதிப் பழகறேன்" என்று மட்டும் சொன்னான்.

சுண்டு பெஞ்சிலிருந்து எழுந்தாள். "எனக்கு எதுவும் கேக்கல" என்றாள்.

நிபுணர் பேனாவை நிறுத்தினார். "என்னது?"

"கேக்கல. அன்னைக்கும் கேக்கல. நான் பொய் சொன்னேன். நிறுத்தச் சொல்லுங்க."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு பெரிய நிறுவனத்தின் மானம் காப்பாற்றப்பட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. "அந்த அறையிலேர்ந்து எந்தச் சத்தமும் வெளிய வரல. இதுதான் குழுவோட முடிவு. எழுதிக்கங்க" என்றார்.

ஒரே ஒரு சிக்கல். மைக் ஒருபக்கம்தான் பேசும். அங்கே நடப்பது இங்கே கேட்குமே தவிர, இங்கே முடிவு எடுத்தது அங்கே கேட்காது. தலைமையாசிரியர் அடிக்கத் தொடங்கியிருந்தார்.

அடி சுவரைத் தாண்டிக் கேட்டது. கூடவே பையனின் குரலும் கேட்டது. இயக்குநர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். நிபுணர் தொண்டையைச் செருமினார். எந்தச் சத்தமும் வரவில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகு எப்படி எழுந்து போவார்கள்? அம்மாதான் எழுந்து ஓடினாள்.

கதவை உதைத்துத் திறந்தாள். பையன் மேசைமேல் குப்புறக் கிடந்தான். இடது கை புறங்கை பிளந்து மேசையில் ரத்தம் தேங்கியிருந்தது. அவள் தலைமையாசிரியரின் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கினாள். கழுத்து மைக்கைக் கொத்தாகப் பிடித்து அவரைக் கீழே இழுத்தாள். "இது என்னடா? சொல்லு, இது என்ன?" என்று கேட்டு, பதில் சொல்வதற்கு இடமே கொடுக்காமல் அடித்தாள். முகத்தில் அடித்தாள். மறைத்த விரலில் அடித்தாள். பிரம்பு பிளந்ததும் பீரோவிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அங்கே இருப்புக்கு என்ன குறை?

அவர் அதிகாரமாகக் கத்தினார், பிறகு மன்னிப்பாகக் கத்தினார், பிறகு அம்மா அம்மா என்று கத்தினார். வகுப்பறையில் இயக்குநர் தேநீரைச் சத்தமாக உறிஞ்சினார். நிபுணர் காகிதங்களைப் படபடவென்று தட்டி அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார். ஆசிரியர் அறையிலோ குழாயடியிலோ யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

சுண்டுவுக்குக் கேட்டது. வீட்டுக்கு அந்த மைக் வராது, பள்ளிச் சொத்து. அதனால் அம்மாவின் குரல் அவளுக்கு எப்போதும் தூரத்து இரைச்சல்தான்; மிச்சத்தை உதட்டைப் பார்த்து ஊகிப்பாள். இன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மா அவள் காதுக்குள் வந்து, ஓர் எழுத்துகூடச் சிதையாமல் பேசினாள். "சாவுடா நாயே" என்றாள். ஒவ்வொரு அடிக்கும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தலைமையாசிரியருக்கு அன்றைக்கு வாங்கிய அதே மூச்சு. தூரத்தில் நெட்டை அண்ணன், "போதும் அத்தை, செத்துடப் போறாரு" என்று அழுதான். அம்மா நிறுத்தவில்லை.

"அம்மா, போதும்மா" என்றாள் சுண்டு. இயக்குநரைப் பார்த்து, "அம்மாகிட்ட சொல்லுங்க, அவர் அழறார்" என்றாள். இயக்குநர் அவளைக் கனிவோடு பார்த்தார். "உனக்குத்தான் எதுவும் கேக்கலையேம்மா" என்றார்.

அவள் காதிலிருந்து கருவியைப் பிடுங்கி அவர் முன்னால் மேசையில் வைத்தாள். "எனக்கு இது வேண்டாம்." நிபுணர் அதை ஒரு துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பயனாளி தானாகவே மனமுவந்து ஒப்படைத்ததாகவும், கருவிக்கு எந்தச் சேதமும் இல்லை என்றும் எழுதினார்கள். தலைமையாசிரியரை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் மாடிப்படியில் விழுந்ததற்காக இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். பையனை அதே வேனில் அவர் காலடியில் உட்காரவைத்தார்கள்.

போலீஸ் வருமென்று அம்மா பள்ளி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். யாரும் வரவில்லை. வந்து என்ன கேட்பார்கள், அந்த அறையில்தான் ஒரு சத்தமும் வரவில்லையே. புடவையில் தெறித்திருந்ததை முந்தானையால் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாள். அவள் நெஞ்சு நிறைந்திருந்தது. எதற்கும் லாயக்கில்லாத ஒரு நாட்டில் ஒரு காரியத்தையாவது முழுசாகச் செய்து முடித்துவிட்டோம் என்றிருந்தது. கருவி போனால் போகிறது, எங்கேயாவது நடந்து இன்னொன்று வாங்கலாம். பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும், ஏதாவது தின்ன வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள்.

சுண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். "சுண்டு" என்று கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எட்டி நடந்து, பின்னாலிருந்து தோளைத் தொட்டாள். சுண்டு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே குனிந்து உட்கார்ந்தாள்.